பால் மட்டும் பார்த்தால் போதுமா?

குட்டீஸ்! இன்றைக்கு ஒரு விளையாட்டு விளையாடலாமா? பந்து வேண்டாம், மட்டை வேண்டாம். இரண்டு கண்கள் இருந்தால் போதும்.

உங்கள் வீட்டு வாசலிலோ, தொட்டிச் செடியின் அடியிலோ, பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்திலோ கொஞ்சம் குனிந்து பாருங்கள். மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தால் இன்னும் நல்லது. தரையோடு தரையாக, நாலாபக்கமும் கை நீட்டிப் படர்ந்திருக்கும் ஒரு செடி கண்ணில் படும். தண்டு சிவப்பு. இலை சின்னது. அதை யாரும் விதைத்திருக்க மாட்டார்கள். யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். அது பாட்டுக்கு வளர்ந்திருக்கும்.

"அது ஏதோ களை. பிடுங்கிப் போடு!" என்பார்கள் பெரியவர்கள். சரி, பிடுங்கலாம். அதற்கு முன்னால், "அதன் பெயர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள்!

அதற்குக் காரணம் இருக்கிறது. இப்படித் தரையில் படரும் செடி ஒன்று அல்ல. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்று போலவே தெரியும் செடிகள் நம்மூரில் மூன்று இருக்கின்றன. ஒன்று, பருப்போடு சேர்ந்து சட்டிக்குள் போகும். இன்னொன்றைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால், கண் எரிந்து அழ வேண்டி வரும். எது எது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

பாட்டியின் முறம்

நான் உங்களைப் போலச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போவேன். ஒருநாள் காலையில் பாட்டி, "கண்ணு, கிணத்தடியில பருப்புக்கீரை கிடக்குது. ஒரு கை பறிச்சுட்டு வா" என்றார்.

எனக்கு ஒரே குஷி. ஓடிப்போய், தரையில் சிவப்புத் தண்டோடு படர்ந்திருந்த எல்லாவற்றையும் பிடுங்கினேன். கூடை நிறைந்தது. பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தேன்.

பாட்டி கூடையை முறத்தில் கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்துத் தண்டைக் கிள்ளிப் பார்த்தார். சிலதை இந்தப் பக்கம் வைத்தார். சிலதை அந்தப் பக்கம் தள்ளினார். தள்ளியதில் ஒன்றை எடுத்து என் முன்னால் கிள்ளிக் காட்டினார். கிள்ளிய இடத்தில் பொட்டுப் போல வெள்ளையாகப் பால் துளிர்த்தது.

"பால் வந்தா கீரை இல்ல. முதல்ல போய்க் கையைக் கழுவு. கண்ணைத் தொடாதே!"

அடுத்த நாளும் நானே பறிக்கப் போனேன். இந்த முறை ஒவ்வொரு செடியையும் கிள்ளிப் பார்த்தேன். பால் வந்தால் விட்டுவிட்டேன். பால் வராததை மட்டும் கூடையில் போட்டேன். 'இன்றைக்குப் பாட்டியால் ஒன்றைக்கூடத் தள்ள முடியாது' என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என்ன நடந்தது தெரியுமா? பாட்டி மறுபடியும் கூடையில் பாதியைத் தள்ளிவிட்டார்!

"ஏன் பாட்டி? இதில்தான் பால் வரலையே?"

"பால் வந்தா கீரை இல்லைன்னுதான் சொன்னேன். பால் வராததெல்லாம் கீரைன்னு சொன்னேனா?" என்று சிரித்தார் பாட்டி.

அந்த முறத்தில் இருந்த மூன்று செடிகளையும் இப்போது நாம் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் செடி: பருப்புக்கீரை

இதுதான் பாட்டி கேட்ட செடி. தண்டு உருண்டையாக, வழவழப்பாக, சதைப்பற்றோடு இருக்கும். வெயில் படும் பக்கம் சிவந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு ஆணிவேர். அங்கிருந்து கிளைகள் சக்கரத்தின் ஆரங்களைப் போல நாலாபுறமும் கிளம்பும்.

இலையைத் தொட்டுப் பாருங்கள். தடிமனாக, மெத்தென்று இருக்கும். அடியில் குறுகி, நுனியில் அகன்று, குட்டிக் கரண்டி போல இருக்கும். ஓரத்தில் பல் கிடையாது. கிளையின் நுனியில் இலைகள் கொத்தாகச் சேர்ந்திருக்கும். தண்டை ஒடித்தால் வருவது நிறமில்லாத தண்ணீர்ச் சாறு. கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும்.

இலைக் கொத்தின் நடுவில் சின்னஞ்சிறு மஞ்சள் பூ பூக்கும். பெரும்பாலும் 5 இதழ்கள். காலை வெயில் ஏறியதும் விரியும். சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். சாயங்காலம் போய்த் தேடினால் கிடைக்காது!

இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறு ஒரு பூ நினைவுக்கு வருகிறதா? டேபிள் ரோஸ் என்றும் பத்துமணிப் பூ என்றும் சொல்வோமே, அதேதான். தொட்டியில் ஆசையாக வளர்க்கும் டேபிள் ரோஸும், நாம் பிடுங்கிப் போடும் பருப்புக்கீரையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய சொந்தங்கள். அக்காவுக்குத் தொட்டி, தங்கைக்குத் தெரு!

இரண்டாம் செடி: சித்திரப்பாலாடை

பெயரிலேயே பால் இருக்கிறது பாருங்கள்! சிற்றம்மான் பச்சரிசி என்றும் இதைச் சொல்வார்கள். இதன் தண்டு நூல் போல மெல்லியது. தரையில் ஒட்டிவைத்த மாதிரி படரும். இலைகள் மிகவும் பொடியானவை. மெல்லியவை. எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். சதைப்பற்று கிடையாது.

தண்டைக் கிள்ளினால் உடனே வெள்ளைப் பால் வரும். கள்ளிச் செடியும், கிளையில் குட்டி அரிசி போல விதை வைக்கும் அம்மான் பச்சரிசியும் இதன் உறவுக்காரர்கள்தான். அவற்றிலும் பால் உண்டு.

இந்தப் பால் எதற்காக? கடித்துத் தின்ன வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்டுவதற்காக. செடியால் ஓட முடியாது அல்லவா? அதனால் வாயில் பட்டால் எரிகிற பாலை வைத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அது நம் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு வரும். கண்ணில் பட்டால் எரிச்சலும் சிவப்பும் கடுமையாக இருக்கும். தவறிப் பட்டுவிட்டால் கசக்கக் கூடாது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, உடனே பெரியவர்களிடம் சொல்லி, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாம் செடி: சாரணை

என்னை இரண்டாவது நாள் ஏமாற்றிய செடி இதுதான். இதுவும் படரும். இதன் தண்டிலும் சதைப்பற்று உண்டு. தண்டு சிவக்கவும் செய்யும். கிள்ளினால் பால் வராது. அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இலை ஜோடியைப் பாருங்கள். எதிரெதிராக இருக்கும் இரண்டு இலைகளில் ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஒரு காலில் அப்பா செருப்பையும் மறு காலில் தம்பி செருப்பையும் போட்ட மாதிரி இருக்கும்! இலை கரண்டி போல இல்லாமல், அகலமாக, வட்டமாக இருக்கும். பூ மஞ்சள் அல்ல. வெளிர் இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சின்னப் பை போல இருக்கும். பூ அதற்குள் பாதி ஒளிந்திருக்கும்.

சில ஊர்களில் சாரணையின் இளந்தளிரைச் சமைப்பது உண்டு. ஆனால், முற்றிய இலை வயிற்றைக் கெடுத்துவிடும். அதனால்தான் பாட்டி அதைத் தள்ளிவைத்தார்.

ஐந்து கேள்விகள்

இப்போது நீங்களே துப்பறியும் நிபுணர் ஆகலாம். ஒரு செடியைப் பார்த்ததும் இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

1. தண்டை ஒடித்தால் என்ன வருகிறது? தண்ணீர்ச் சாறா, வெள்ளைப் பாலா?

2. தண்டு தடிமனா, நூல் போல மெலிந்ததா?

3. இலை கரண்டி போலத் தடித்திருக்கிறதா? மெல்லியதா? வட்டமா?

4. ஜோடி இலைகளின் அளவு ஒன்றுதானா?

5. பூ என்ன நிறம்? எங்கே இருக்கிறது?

தண்ணீர்ச் சாறு, தடித்த வழவழப்பான தண்டு, கரண்டி இலை, ஒத்த அளவுள்ள இலைகள், நுனியில் மஞ்சள் பூ. இந்த ஐந்தும் சேர்ந்திருந்தால்தான் அது பருப்புக்கீரை. நான்கு சரியாக இருந்து ஒன்று மட்டும் இடித்தால், "பரவாயில்லை" என்று விட்டுவிடக் கூடாது. அந்த ஒன்றுதான் உண்மையைச் சொல்கிறது! நான் பாலை மட்டும் பார்த்து ஏமாந்தது உங்களுக்குத் தெரியுமே.

குங்குமச் சிமிழ் காய்

பருப்புக்கீரையை அடையாளம் காண இன்னொரு அழகான வழியும் உண்டு. பூ வாடிய இடத்தில் ஒரு குட்டிக் காய் உருவாகும். அது முற்றியதும் விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். மேல்பாதி தொப்பி போலக் கழன்று வரும். குங்குமச் சிமிழைத் திறந்த மாதிரி! உள்ளே கருகருவென்று மணல் போல விதைகள். ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டருக்கும் சிறியது.

இதன் அறிவியல் பெயர் போர்ட்டுலாக்கா ஒலரேசியா. 1753ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் தன் நூலில் பதிவு செய்த பெயர் இது. 'போர்ட்டுலா' என்றால் லத்தீன் மொழியில் சின்னக் கதவு. காயின் மூடியைப் பார்த்துத்தான் இந்தப் பெயர் வந்தது என்று சொல்கிறார்கள். 'ஒலரேசியா' என்றால் காய்கறித் தோட்டத்துக்கு உரியது, சமையலுக்கு ஆவது என்று பொருள். ஆக, பெயரிலேயே 'நான் கீரை' என்று எழுதி ஒட்டியிருக்கிறது!

ஆனால் விவசாயிகளின் கணக்கு வேறு. 1977இல் உலகின் மிக மோசமான களைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளிவந்தது. அந்தப் பட்டியலில் முதல் இடம் நம்மூர் கோரைக்கு. இரண்டாம் இடம், பிள்ளையாருக்கு மாலை கட்டுவோமே, அந்த அருகம்புல்லுக்கு. ஒன்பதாவது இடம் பருப்புக்கீரைக்கு! சமையல் அறையில் கீரை, வயலில் களை. செடி ஒன்றுதான். நாம் நிற்கும் இடம்தான் வேறு.

பிடுங்கிப் போட்டாலும் சாகாது

இது ஏன் இவ்வளவு பெரிய களை ஆயிற்று? அதன் சாமர்த்தியத்தைக் கேளுங்கள்.

பிடுங்கி வெயிலில் போட்டால் மற்றச் செடிகள் காய்ந்து போகும். பருப்புக்கீரை உடனே காயாது. தண்டிலும் இலையிலும் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிறதே! பிடுங்கிப் போட்ட பிறகும் காய்கள் முற்றி விதைகளைக் கொட்டிவிடும். துண்டு துண்டாக வெட்டிப் போட்டால், ஈர மண்ணில் துண்டுகள் வேர்விட்டுப் புதுச் செடியாகிவிடும். 'ஒழித்துவிட்டோம்' என்று நினைத்தால், ஒன்றைப் பத்தாக்கியிருப்போம்!

நன்றாக வளர்ந்த ஒரே செடி 2 லட்சத்துக்கும் மேலான விதைகளைத் தந்ததாகப் பதிவு இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். அவை முளைக்க வெளிச்சம் வேண்டும். நாம் தோட்டத்தைக் கொத்தும்போது அவை மேலே வந்து, வெயிலைப் பார்த்துக் கண் விழிக்கின்றன. அதனால்தான் புதிதாகக் கொத்திய பாத்தியில் இது முதல் ஆளாக வந்து நிற்கிறது.

இன்னொரு ரகசியமும் உண்டு. செடிகள் வெயிலில் உணவு தயாரிப்பது உங்களுக்குத் தெரியும். கரும்பும் சோளமும் கொளுத்தும் வெயிலிலும் வேகமாக உணவு தயாரிக்கும் ஒரு முறையைக் கையாள்கின்றன. சப்பாத்திக்கள்ளியும் அன்னாசியும் வேறு முறை. பகலில் இலைத் துளைகளைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும் என்று, இரவில் திறந்து காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துக்கொள்ளும். பெரும்பாலான செடிகளுக்கு இந்த இரண்டில் ஒன்றுகூடக் கிடையாது. பருப்புக்கீரைக்கோ இரண்டும் தெரியும்! தண்ணீர் கிடைக்கும்போது கரும்பைப் போல வேகமாக வளரும். வறட்சி வந்தால் கள்ளியின் முறையையும் சேர்த்துக்கொள்ளும். இந்த இரண்டு வேலைகளும் இலையின் ஒரே செல்களுக்குள் சேர்ந்தே நடக்கின்றன என்று, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2022இல் கண்டறிந்தார்கள். வறட்சியைத் தாங்கும் பயிர்களை உருவாக்க இந்தக் கீரையிடம் பாடம் கற்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

வாசல் விரிசலில் கிடக்கும் செடி, விஞ்ஞானிகளுக்கு வாத்தியார்!

உலகம் சுற்றிய கீரை

ஆந்திராவில் இதைப் பருப்போடு கடைந்து 'பப்பு' செய்கிறார்கள். வட இந்தியாவில் இதன் பெயர் குல்ஃபா. கேரளத்தில் கொழுப்பா. துருக்கியில் தயிரோடு கலந்து சாப்பிடுகிறார்கள். மெக்சிகோவில் இறைச்சியோடு சேர்த்துச் சமைக்கிறார்கள்.

கொலம்பஸ் 1492இல் அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் ஐரோப்பியர்கள் மூலம் இந்தச் செடி அங்கே போனது என்று முன்பு நினைத்தார்கள். ஆனால், கனடாவில் உள்ள கிராஃபோர்டு ஏரியின் அடியில், கொலம்பஸுக்கு முந்தைய காலத்துச் சேற்று அடுக்குகளில் இதன் விதைகளும் மகரந்தமும் கிடைத்தன. 1975இல் இது தெரிய வந்தது. கொலம்பஸையே முந்திவிட்டது பாருங்கள்!

நமக்கு வேண்டிய ஒமேகா 3 என்னும் நல்ல கொழுப்பு, இலைக் கீரைகளில் இதில் அதிகமாக இருக்கிறது. அதே சமயம், ஆக்சாலிக் அமிலமும் இதில் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. கொதிக்க வைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சமைத்தால் அந்த அமிலம் குறையும். துருக்கிக்காரர்கள் தயிர் சேர்ப்பதும் நல்ல யோசனைதான். தயிரில் உள்ள கால்சியம் அந்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வேஷம் போடும் பட்டாம்பூச்சி

பருப்புக்கீரையை நம்பி வாழும் ஒரு பட்டாம்பூச்சியும் உண்டு. பெயர் டானாய்டு எக்ஃபிளை. இது பருப்புக்கீரையில் முட்டையிடும். முள் முள்ளாக இருக்கும் இதன் புழு, அந்த இலையைத் தின்று வளரும்.

இந்த வகையில் ஆண் பூச்சி கறுப்பு நிறம். இறக்கையில் பெரிய வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். பெண் பூச்சியோ ஆரஞ்சு நிறத்தில் வேறு மாதிரி இருக்கும். பார்த்தால் அசல் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி! வெந்தய வரியன், புழுவாக இருக்கும்போது எருக்கிலை தின்று வளர்வதால் அதன் உடம்பில் நஞ்சு உண்டு. ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுபடி கிட்டே போகாது. அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டுதான் எக்ஃபிளையின் பெண் பூச்சி, பறவைகளிடம் இருந்து தப்பிக்கிறது.

ஒன்று போல இருப்பதால் செடியிடம் நாம் ஏமாறுகிறோம். அதே செடியில் வளர்ந்த பட்டாம்பூச்சியிடம் பறவை ஏமாறுகிறது!

இதை மறக்காதீர்கள்

குட்டீஸ், இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நீங்களாகவே எதையும் பறித்து வாயில் போடக் கூடாது. ஐந்து அடையாளங்களும் சரியாக இருந்தாலும், கீரை தெரிந்த ஒரு பெரியவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சாக்கடை ஓரம், ரோட்டோரம், பூச்சிமருந்து தெளித்த இடம், நாய் நடமாடும் புல்வெளி ஆகிய இடங்களில் இருப்பதைச் சமையலுக்குப் பறிக்கவே கூடாது. செடிகளைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.

விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் வாசலில் படர்ந்திருக்கும் செடி ஒவ்வொன்றையும் வரையுங்கள். பக்கத்திலேயே ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். பூ எத்தனை மணிக்கு விரிந்தது, எப்போது மூடியது என்றும் குறித்து வையுங்கள். பிறகு உங்கள் பாட்டியிடமோ, காய்கறிக் கடையில் கீரை விற்கும் ஆயாவிடமோ காட்டி, "எங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?" என்று கேளுங்கள். ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நாள் நான் கொண்டுபோன கூடையில் இருந்து பாட்டி எதையும் தள்ளவில்லை. அன்று மத்தியானம் பருப்புக்கீரைக் கடைசலில் பாட்டி எனக்கு மட்டும் ஒரு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றினார்.

அடுத்த முறை யாராவது, "அது ஏதோ களை, பிடுங்கிப் போடு" என்று சொன்னால், "கொஞ்சம் இருங்கள், அதன் பெயரைக் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று குனிந்து பாருங்கள். சரியா?